எங்கள் வீட்டுப் படைவீரர்

சங்கங்கள் வெளியிடும் ஆண்டு மலர்களில் புலவர் பெருமக்களின் வரலாறும் புரவலர்களின் திருவுருவப் படங்களும் இடம்பெறுதல் நெடுநாள் மரபு. அம்மரபில் குறை காண்பது எங்கள் நோக்கமன்று. எனினும், தமிழகத்தின் எல்லைக்கு அப்பால் வாழ நேர்ந்த நம் குடும்பங்களைத் தாங்கி நிறுத்தியவர்கள் யாவர் என்று எண்ணிப் பார்க்குங்கால், எந்த ஏட்டிலும் பெயர் எழுதப்படாத எளிய மனிதர் பலர் நினைவில் எழுகின்றனர். விடியுமுன் எழுந்து வேலைக்குச் சென்று, விளக்கேற்றிய பின் வீடு திரும்பி, மாதக் கடைசியில் மளிகைக் கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, மறுநாள் மீண்டும் வேலைக்குப் போனவர்கள் அவர்கள். அத்தகையோருள் ஒருவரைப் பற்றி எழுதத் துணிகின்றோம். அவர் எங்களைப் பெற்ற தந்தையார். தம் பெயரை எங்கும் முன்னிறுத்திக்கொள்வதை அவர் விரும்பியதில்லை. ஆகையால் இங்கும் பெயர் வேண்டா.

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டையை அறியாத தென்திருவிதாங்கூர்த் தமிழர் இலர். கோட்டை வாயிலுக்கு உள்ளே பத்மநாபசுவாமி திருக்கோயில். அதனருகே பத்மதீர்த்தக் குளம். குளத்துக்கு எதிரே, மணிக்கு மணி இரண்டு ஆட்டுக்கிடாய்கள் ஒரு மனித முகத்தின் கன்னங்களில் வந்து முட்டும் 'மேத்தன் மணி' என்னும் பழைய கடிகாரம். வாயிலுக்கு வெளியே, திவான் இராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த சாலைக் கடைத்தெரு. அரிசி, பலசரக்கு, பாத்திரம், பூ, வெற்றிலை என்று எதை வாங்கினாலும் தமிழில் விலை கேட்கலாம்; தமிழில் பேரம் பேசலாம். அக்கடைத்தெருவிலேயே பாத்திரக்கடை வைத்துக்கொண்டு, அதன் மாந்தரைச் சிறுகதைகளில் நிலைபெறச் செய்த ஆ. மாதவன் அவர்களை நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. எங்கள் தந்தையாருக்குக் கதை படிக்கும் பழக்கமில்லை. ஆயினும் அக்கதைகளில் வரும் சுமைதூக்குவோரும் வண்டிக்காரரும் அவர் நாள்தோறும் பேசிப் பழகிய மனிதர்களே.

கோட்டை வாயிலுக்கு அருகில், பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவே, பழவங்காடிப் பிள்ளையார் வீற்றிருக்கிறார். வெளியூரிலிருந்து வருவோர் பலர், இக்கோயிலை இந்திய இராணுவம் நிருவகித்து வருகின்றது என்று கேட்டால் நம்பமாட்டார்கள். திருவிதாங்கூர் அரசின் தலைநகர் பத்மநாபபுரத்தில் இருந்த காலத்தில் நாயர் படையினர் வணங்கி வந்த பிள்ளையார் இவர் என்பதும், தலைநகர் மாறியபோது அவர்களோடு இங்கு எழுந்தருளினார் என்பதும் வழிவழியாக வரும் செய்தி. 1741ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10ஆம் நாள் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்த படையின் வழிவந்தவர்கள் அவர்கள். நாடு விடுதலை பெற்றுத் திருவிதாங்கூர்ப் படை இந்திய இராணுவத்தின் மதராஸ் ரெஜிமெண்டோடு இணைக்கப்பட்டபோது, பிள்ளையாரும் அப்படையின் பொறுப்பில் வந்து சேர்ந்தார். இங்கே முதன்மையான வேண்டுதல் தேங்காய் உடைத்தல். எங்கள் தந்தையார் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தேங்காய் உடைப்பார். ஒன்றுக்கு மேல் உடைத்ததை நாங்கள் பார்த்ததில்லை. உடைத்தபின் கை கூப்புவதற்கு மாறாக, குதிகால்களைச் சேர்த்து ஒரு கணம் விறைப்பாக நிற்பார். சிறு வயதில் அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

அவர் 1922ஆம் ஆண்டு நாஞ்சில் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். பாட்டனார் சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதி வந்தார். சொந்த நிலம் இல்லை. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்பர். களஞ்சியத்தின் அருகே குடியிருப்பதால் மட்டும் வயிறு நிறைவதில்லை. திருவிதாங்கூர் அரசு தன் மக்களுக்கு வேண்டிய அரிசியில் பெரும் பகுதியை வெளியிலிருந்தே, சிறப்பாகப் பர்மாவிலிருந்தே, வருவித்து வந்தது. 1942 மார்ச் மாதம் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். பர்மா அரிசி நின்றது. மண்டியில் மூட்டைகள் குறைந்தன. கணக்கெழுதுவதற்கு ஒன்றுமில்லாமற் போயிற்று. அரிசிக்குப் பங்கீடு வந்தது. மரச்சீனிக் கிழங்கு திருவிதாங்கூர் ஏழை மக்களின் ஒருவேளை உணவாக இருந்தது போய் இருவேளை உணவாயிற்று. எங்கள் தந்தையாருக்கு அப்போது வயது இருபது; மணமாகி ஓராண்டு; எங்கள் தாயார் கருவுற்றிருந்தார். வீட்டில் பெற்றோரும் தங்கைமார் இருவரும் இருந்தனர். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கின்றனர் என்று கேள்விப்பட்டுப் போய் வரிசையில் நின்றார். அவ்வளவுதான். வீரம், நாட்டுப்பற்று, பேரரசு ஆகியவற்றுள் ஒன்றும் அவர் உள்ளத்தில் இருந்ததாக அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

அவரைச் சேர்த்துக்கொண்டது மதராஸ் சாப்பர்ஸ் படை. 1780ஆம் ஆண்டில் தொடங்கிய பழம்படை அது. பயிற்சி நிலையம் பெங்களூரில். அப்படையினரைத் 'தம்பிகள்' என்று இராணுவத்தார் செல்லமாக அழைத்து வந்தனர். துப்பாக்கி பிடிப்பதோடு பாலம் அமைத்தல், பாதை வெட்டுதல், கண்ணிவெடி அகற்றுதல் முதலியன அவர்களின் தொழில். செங்கற்பட்டு மாவட்டத்துக் கீழொட்டிவாக்கத்தில் பிறந்து, 1944 பிப்ரவரியில் இத்தாலி நாட்டுப் போர்முனையில் தம் தோழர்களைக் காப்பதற்காகக் கண்ணிவெடியின் மேல் விழுந்து உயிர் நீத்து, இறந்தபின் ஜார்ஜ் சிலுவை விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் இப்படையைச் சேர்ந்தவர். எங்கள் தந்தையார் அவரைக் கண்டதில்லை. ஆனால் அவர் பெயரைச் சொல்லும்போது மட்டும் உட்கார்ந்திருந்தால் எழுந்துகொள்வார்.

போர் தொடங்கிய காலத்தில் இந்தியச் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் மாதம் 16 ரூபாய். பின்னர்ச் சிறிது கூடிற்று. சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பும்படி எழுதிக் கொடுக்கும் வசதி உண்டு. எங்கள் தந்தையார் தமக்கென்று பீடிக்கும் சவரத்துக்கும் வேண்டிய அளவே நிறுத்திக்கொண்டு எஞ்சியதையெல்லாம் வீட்டுக்கு எழுதிக் கொடுத்தார். அஞ்சற்காரர் வரும் நாளன்று பாட்டியார் காலை முதலே திண்ணையில் காத்திருப்பாராம். பணத்தோடு சில சமயம் கடிதமும் வரும். தணிக்கைக்காரர் மை தீட்டி மறைத்த வரிகள் போக எஞ்சியவற்றில், 'நலம், நலமறிய ஆவல்' என்பதும், 'தங்கச்சிக்குச் சீலை எடுக்கவும்' என்பதும் படிக்கக் கிடைக்கும். தாயார் அக்கடிதங்களைப் பல ஆண்டுகள் வைத்திருந்தார். பின்னர் ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி அவை கூழாகிவிட்டன.

போர்முனை அவரை அழைத்துச் சென்ற இடம் பர்மா. எந்த நாட்டு அரிசி நின்றதனால் வீட்டைவிட்டுக் கிளம்பினாரோ அந்த நாட்டுக்கே போய்ச் சேர்ந்தார். 1944ஆம் ஆண்டு இம்பாலிலும் கோகிமாவிலும் ஜப்பானியர் முன்னேற்றம் தடுக்கப்பட்டபின், பதினான்காம் படை பர்மாவை மீட்கக் கிழக்கு நோக்கி நகர்ந்தது. அப்படை செல்வதற்குச் சாலையும் பாலமும் அமைக்க முன்னே சென்றவர்களுள் தம்பிகளும் இருந்தனர். மலேரியாவுக்கு அஞ்சி நாள்தோறும் மெபாக்ரின் மாத்திரை விழுங்க வேண்டும். விழுங்கினால் உடம்பே மஞ்சளாகிவிடும். 'மஞ்சக்காமாலை வந்தவன்போல அத்தனைபேரும் இருந்தோம்' என்பது அவர் போரைப் பற்றித் தாமாகவே முன்வந்து சொன்ன சில செய்திகளுள் ஒன்று.

மற்றொன்று கலேவாப் பாலம். 1944 டிசம்பரில் சிண்ட்வின் ஆற்றின் குறுக்கே, கலேவா என்னுமிடத்தில், மிதவைகளின் மேல் அமைந்த பெய்லி பாலம் ஒன்றைப் படையின் பொறியாளர்கள் கட்டி முடித்தனர். அதன் நீளம் 1,154 அடி. அக்காலத்தில் உலகிலேயே நீளமான பெய்லி பாலம் அது. பெய்லி பாலம் என்பது முன்னரே செய்துவைத்த இரும்புச் சட்டங்களை ஆணி கோத்து இணைக்கும் அமைப்பு. ஒரு சட்டம் பத்தடி நீளம். ஏறத்தாழ 570 பவுண்டு எடை. பாரந்தூக்கிப் பொறி வேண்டுவதில்லை. ஆறு பேர் இருந்தால் போதும். 'ஆறுபேரும் ஒரே உயரமா இருக்கணும். ஒருத்தன் தோளு தாழ்ந்தாலும் மத்தவனுக்கு எலும்பு முறியும்' என்பார். வீட்டில் ஆட்டுக்கல்லை இடம் மாற்ற நேர்ந்தால் எங்களை உயரவாரியாக நிறுத்தி, 'ஏக் தம்' என்று குரல் கொடுப்பார். பட்டாளத்திலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்த இந்துஸ்தானிச் சொற்கள் அவ்வளவே.

போர் முடிந்து 1946ஆம் ஆண்டு விடுவிக்கப்பட்டார். செங்கோட்டை மலைவழியாக வரும் இரயிலில் திருவனந்தபுரம் வந்து இறங்கினார். வீட்டு வாசலில் ஒரு தகரப்பெட்டியோடு வந்து நின்றவரைக் கண்டு எங்கள் மூத்த தமக்கையார் அலறிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடிவிட்டார். அவருக்கு அப்போது வயது நான்கு. தந்தை என்றால் மாதந்தோறும் அஞ்சற்காரர் கொண்டுவரும் பணம் என்றே அறிந்திருந்தார். குழந்தை பழகுவதற்கு இரண்டு மாதமாயிற்று என்றும், அதுவரை அவர் அதனைத் தூக்க முயலவே இல்லை, பெட்டியருகே அமர்ந்து தானாக வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பார் என்றும் தாயார் சொல்வார்.

பதினைந்தாண்டுப் பணி முடித்தவர்க்கே படையில் ஓய்வூதியம். போருக்கென்று சேர்க்கப்பட்டுப் போர் முடிந்ததும் அனுப்பப்பட்ட இலட்சக்கணக்கான இளைஞர்க்கு அது இல்லை. அப்போரில் பணியாற்றிய இந்தியர் இருபத்தைந்து இலட்சம் பேர். உயிர் துறந்தவர் 87,000க்கும் மேற்பட்டோர். உயிரோடு வந்தவர்கள் அவரவர் கையே துணையென்று பிழைக்க வேண்டியதாயிற்று. இரும்பையும் எஞ்சினையும் கையாளக் கற்றிருந்தமையால் எங்கள் தந்தையாருக்கு 1947இல் திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறையின் பணிமனையில் வேலை கிடைத்தது. 1938 பிப்ரவரி 20ஆம் நாள் சித்திரைத் திருநாள் மகாராஜாவால் தொடங்கி வைக்கப்பட்ட அத்துறைதான், 1965இல் கேரள மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகமாயிற்று. 1977இல் ஓய்வு பெறும்வரை அவர் அங்கேயே இருந்தார். அந்த முப்பது ஆண்டைப் பற்றிச் சொல்வதற்குக் கதை ஒன்றும் இல்லை. இரவுப்பணி, பகற்பணி, மீண்டும் இரவுப்பணி. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்புறம் வரிசையாக இருந்த வாடகை வீடுகளுள் ஒன்றில் நாங்கள் ஐந்து மக்கள் வளர்ந்தோம். இரவுப்பணி முடித்து வந்து அவர் உறங்கும்போது நாங்கள் காலடி ஓசை கேளாமல் நடப்போம்; கஞ்சிக்கு அரைக்கும் தேங்காய்த் துவையலைத் தாயார் அடுத்த வீட்டு அம்மியில் அரைத்துக்கொண்டு வருவார்.

இரவுப்பணி இல்லாத நாள்களில் அவருக்கு வேறொரு பணி இருந்தது. மூத்த பிள்ளைகள் இருவரைச் சாலைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தவர், பின்னவர் மூவரையும் பிற்கால வேலைவாய்ப்பை எண்ணி மலையாள வகுப்பில் சேர்த்தார். உறவினர் சிலர் இதனைக் குறை கூறினர். அவர் மறுமொழி சொல்லவில்லை. இரவு உணவுக்குப் பின், பத்துவயதுப் பையனாயினும், அரிச்சுவடியை மடியில் வைத்துக்கொண்டு அமர வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர், இலக்கணம் அறியார். ஆனால் றகர ரகர வேறுபாட்டில் தவறினால் முன்னால் உள்ள விளக்கைச் சற்றுத் தள்ளி வைப்பார். இருளில் எழுத்துத் தெரியாது. திருத்திப் படித்தால் விளக்கு மீண்டும் அருகில் வரும். அடித்ததே இல்லை. இன்று இம்மலருக்கு எழுதத் துணிகின்றோமெனில், அது அந்த விளக்கைக் கொண்டே.

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முன், 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டையும் உயிரிழப்பையும் தென்திருவிதாங்கூர்த் தமிழர் எவரும் மறந்திலர். பிறந்த ஊர் ஒரு மாநிலம், சோறு போடும் ஊர் மற்றொரு மாநிலம் என்றானது. 'அங்கே வந்துவிடு' என்று ஊரிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தது. தாயாருக்கும் போகவே விருப்பம். அவர் ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, 'பிள்ளைகளுக்குப் பரீட்சை வருகிறது' என்றார். அதன்பின் அப்பேச்சு எழவில்லை. ஊர் என்னவோ 65 கிலோமீட்டர் தொலைவில்தான். ஆனால் பொங்கலுக்கும் கொடைக்கும் தவிர அங்குச் செல்ல அவருக்கு விடுப்புக் கிடைக்காது.

ஊருக்கு அவர் போக இயலாத குறையை ஊர்த் தெய்வங்கள் ஆண்டுதோறும் வந்து தீர்த்தன. நவராத்திரிக்கு முன்னர், பத்மநாபபுரம் தேவாரக்கெட்டுச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் வருவது மன்னர்கால வழக்கம். அச்சரசுவதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பர். மாநில எல்லை பிரிந்தபின்னும் வழக்கம் நிற்கவில்லை. களியக்காவிளையில் தமிழகக் காவலரும் கேரளக் காவலரும் மரியாதை செய்து தெய்வங்களைக் கைமாற்றிக்கொள்கின்றனர். ஊர்வலம் கிழக்கேகோட்டையை அடையும் மாலையில் எங்கள் தந்தையார் எத்தகைய பணியிருந்தாலும் முறை மாற்றிக்கொண்டு வந்துவிடுவார். கோட்டை வாயிலருகே முன்வரிசையில் நிற்பார். சரசுவதியார் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்கும், குமாரசுவாமி ஆரியசாலைக்கும், முன்னுதித்த நங்கை செந்திட்டைக்கும் பிரிந்து செல்வர். அவர் குமாரசுவாமியின் பின்னே ஆரியசாலை வரை நடப்பார். யாரேனும் நாஞ்சில் நாட்டுக்காரர் ஊர்வலத்தோடு நடந்து வந்திருந்தால், வீட்டுக்கு அழைத்து வந்து கால் கழுவ வெந்நீர் கொடுத்து, 'மழை உண்டா? ஏலாவில் நடவு ஆச்சா?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு செண்டு நிலமும் இல்லாதவருக்கு நடவைப் பற்றி அத்தனை கவலை!

இனிச் சொல்லப்போவது ஒரு சிறு பொருளைப் பற்றியது. 1962இல் மூத்த தமக்கையாருக்குத் திருமணம். சாலைக் கடைத்தெருவில் சீர்ப்பாத்திரங்கள் வாங்கினோம். பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் வழக்கம். இரண்டு முன்னெழுத்து வெட்டினால் போதும் என்பதும் வழக்கம். தந்தையார் ஒவ்வொரு பாத்திரத்திலும், செம்பு, கரண்டி வரை, முழுப் பெயரும் தகப்பன் பெயரும் ஊர்ப்பெயரும் வெட்ட வேண்டும் என்றார். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்கியிருந்த நேரம். தாயார் முதன்முறையாக அவரை எதிர்த்துப் பேசியது அன்றுதான். அவர் கேட்கவில்லை. பாத்திரம் வெட்டுபவர் இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டினார். அதன்பின் எங்கள் வீட்டில் எந்தத் திருமணமாயினும் அதே கதை. கஞ்சத்தனமாக வாழ்ந்த மனிதருக்கு இதில் மட்டும் என்ன பிடிவாதம் என்று நாங்கள் எங்களுக்குள் நகைத்துக்கொள்வோம்.

1995ஆம் ஆண்டு, போர் முடிந்து ஐம்பது ஆண்டு நிறைந்ததென்று செய்தித்தாள்களில் கட்டுரைகள் வந்தன. பேரன் ஒருவன் நிலப்படத்தைக் கொண்டுவந்து, 'தாத்தா எங்கே போனீர்கள், காட்டுங்கள்' என்றான். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இம்பாலில் விரலை வைத்து, பலேல், தாமு, கலேவா என்று மெல்ல நகர்த்தினார். தாமுவில் விரல் நின்றது. அன்று சொன்னார்.

1942இல் பர்மாவிலிருந்து இந்தியர் நான்கைந்து இலட்சம் பேர் வெளியேறினர். கப்பலில் இடம் கிடைக்காத ஏழைகள் மலையும் காடும் கடந்து நடந்தனர். அவ்வழிகளுள் ஒன்று கலேவா, தாமு வழியாக இம்பாலுக்கு வருவது. வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டோர் பல்லாயிரவர். இரண்டரை ஆண்டுக்குப் பின் அதே வழியை எதிர்த்திசையில் செப்பனிட்டுக்கொண்டு சென்றது எங்கள் தந்தையாரின் கூட்டம். தாமுவுக்கு அப்பால் பாதையோரப் புதரை வெட்டுகையில் எலும்புகள் கிடைத்தன. பெரியவர் எலும்பும் சிறு எலும்பும் ஒன்றாகக் கிடந்தன. அருகே ஒரு பித்தளைச் செம்பு, களிம்பேறி. எடுத்துத் துடைத்துப் பார்த்தார். கழுத்தில் தமிழில் இரண்டு எழுத்து வெட்டியிருந்தது.

'ரெண்டே எழுத்து மக்கா. யாருன்னு எப்படித் தெரியும்? எந்த ஊருன்னு யாருக்கு எழுதிப் போடுவேன்?' என்றார்.

செம்பை அந்த எலும்புகளோடு சேர்த்துப் புதைத்துவிட்டு, மாலைக்குள் அந்தப் பாதையை முடித்தார்களாம். அதற்குமேல் அவர் பேசவில்லை. பேரன் நிலப்படத்தைச் சுருட்டிக்கொண்டு போனான். தாயார் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்து நான்கு ஆண்டு உடன் வாழ்ந்தவர், அவரும் அன்றுதான் கேட்கிறார்.

அதன்பின் ஒரு முறை மட்டும் பர்மாவைப் பற்றிப் பேசினார். 1945இல் ஐராவதி ஆற்றைக் கடந்தபின், பிடிபட்ட இந்தியத் தேசிய இராணுவத்தார் சிலரை வழியில் கண்டாராம். சுபாசு சந்திரபோசின் அழைப்பை ஏற்று மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் அப்படையில் சேர்ந்ததை நாம் அறிவோம். அவர்களுள் ஒருவர் தமிழில் தண்ணீர் கேட்டார். இவர் கொடுத்தார், ஒரு பீடியும் கொடுத்தார். 'எந்த ஊரு' என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டார்களாம். அவர் தஞ்சைப் பக்கம் என்று சொன்னார். ஆனால் தஞ்சையைப் பார்த்ததே இல்லை, தோட்டத்தில் பிறந்தவர். 1972இல் விடுதலைப் போராட்ட வீரர்க்கு மைய அரசு ஓய்வூதியம் அறிவித்தபோது அப்படையினரும் அதில் அடங்கினர். எங்களுள் ஒருவர், 'இருவரும் ஒரே காட்டில்தானே துன்பப்பட்டீர்கள்' என்று சற்று வருத்தத்தோடு கேட்டோம். 'அவன் நாட்டுக்காகப் போனான் மக்கா. நான் அரிசிக்காகப் போனேன்' என்றார். அதில் கசப்பு இல்லை. கணக்கைச் சரிபார்த்துச் சொல்பவரின் குரல் அது.

இந்தக் கணக்கில் நாங்கள் அவரோடு உடன்பட்டதில்லை. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி ஓய்வூதியம் பெறாதவர்க்கு மாநில அரசு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கத் தொடங்கியபின், விண்ணப்பத்தாளை வாங்கி வந்து அவர்முன் வைத்தோம். தமக்குப் போக்குவரத்துக் கழக ஓய்வூதியம் வருகிறது, அது போதும் என்று விட்டார். ஆனால் அதே தெருவில், அவரோடு பெங்களூரில் பயிற்சி பெற்ற ஒருவரின் மனைவி கணவரை இழந்து, பூக்கட்டி விற்றுப் பிழைத்து வந்தார். அந்த அம்மையாருக்காக விண்ணப்பம் எழுதி, விடுவிப்புச் சான்றின் படியெடுத்து, ஓர் அலுவலகத்துக்கு ஏழுமுறை நடந்தார். எழுபத்தைந்து வயது முதியவரைத் தாழ்வாரத்தில் நிற்க வைத்து, பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பினர். எழுத்து மாறக்கூடாது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டாம் முறை பணம் அனுமதிக்கப்பட்டது. அன்று வெள்ளிக்கிழமை அன்று; ஆயினும் பழவங்காடிக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

2001ஆம் ஆண்டு, உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. பதினாறாம் நாள் சடங்கு முடிந்து தகரப்பெட்டியைத் திறந்தோம். விடுவிப்புப் புத்தகம், பர்மா நட்சத்திரம் உள்ளிட்ட பதக்கங்கள், கட்டிய நாடா குலையாமல், எங்கள் ஐவரின் பள்ளிக்கட்டண இரசீதுகள் ஆண்டுவாரியாக, அடியில் நாங்கள் கொடுத்த விண்ணப்பத்தாள். அதில் எல்லாக் கட்டங்களும் வெறுமையாக இருந்தன, ஒன்றைத் தவிர. தமக்குப்பின் உரியவர் என்னும் இடத்தில் எங்கள் தாயாரின் பெயரும், அவர் தந்தை பெயரும், ஊர்ப்பெயரும் அழுத்தமாக எழுதப்பட்டிருந்தன.

அதை வைத்து விண்ணப்பிக்கலாம் என்று நாங்கள் சொன்னோம். 'அவிய வேண்டாம்னு வச்சத நான் எதுக்கு மக்கா வாங்கணும்?' என்று தாயார் மறுத்துவிட்டார். அது இரந்து பெறுவதன்று, உழைப்புக்குரிய பங்கு என்றே நாங்கள் இன்றும் கருதுகின்றோம். ஆனால் அவர் 2009இல் மறையும்வரை எங்கள் சொல் எடுபடவில்லை. பதக்கங்கள் இளையவர் வீட்டில் கண்ணாடிப் பேழையில் உள்ளன. மூத்த தமக்கையாரின் சீர்ச்செம்புகளில் இரண்டு இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அறுபது ஆண்டுகள் புளியிட்டு விளக்கியதில் எழுத்துகள் தேய்ந்துவிட்டன. விரலால் தடவினால் ஊர்ப்பெயர் மட்டும் தட்டுப்படுகிறது.